மரத்துக்கு முன் மண்

காடு வளர்ப்பு ஆலோசகரிடம் வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரே கேள்வியோடு வருகிறார்கள்: இந்த நிலத்தில் என்ன மரம் நடலாம்? உடனே ஒரு மரத்தின் பெயரைச் சொல்லிவிடுகிறவரால் நாற்றுப் பண்ணைக்கு நன்மை உண்டு, நிலத்துக்கு இல்லை. இந்த நிலத்துக்கு என்ன நேர்ந்தது, இப்போது அதில் எது குறைகிறது, அந்தக் குறையை மரத்தால் தீர்க்க முடியுமா என்ற மூன்று கேள்விகளுக்கும் விடை கிடைத்த பிறகுதான் மரத்தின் பெயர் வர வேண்டும். இந்த வரிசையைத் தலைகீழாக்கினால் என்ன ஆகும், சரியாகப் பின்பற்றினால் என்ன கிடைக்கும் என்பதை ஆராய கர்நாடகத்தின் கோலார் தங்கவயலைப் போலப் பொருத்தமான இடம் தென்னிந்தியாவில் வேறில்லை. மரம் நடுதல் என்றாலே நல்ல காரியம் என்று நாம் பழகிவிட்டோம். அந்த நல்லெண்ணம் இங்கே போதாது. மண்ணே இல்லாத இடத்தில் முதலில் உருவாக்க வேண்டியது மண். அது உருவான அளவுக்கே மரம் நிலைக்கும். இந்த அத்தியாயம் சொல்ல வருவது இதைத்தான்.

தங்கவயலில் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் நிறுவனம் 1880இல் நவீன சுரங்கத் தொழிலைத் தொடங்கியது. 2001 பிப்ரவரி 28 அன்று, பொதுத்துறை நிறுவனமான பாரத் கோல்டு மைன்ஸ் சுரங்கங்களை மூடியது. இடைப்பட்ட 120 ஆண்டுகளில் ஏறத்தாழ 800 டன் தங்கம் வெளியே வந்தது. சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் கீழே இறங்கியது. வட ஆர்க்காடு, சேலம், சித்தூர் பகுதிகளிலிருந்து போன தமிழ்த் தொழிலாளர்களே, அவர்களிலும் பெரும்பாலும் தலித் மக்களே, அந்த ஆழத்தில் பாறையை உடைத்தார்கள். பாறையை மாவாக அரைத்து, 1887இல் கிளாஸ்கோவில் காப்புரிமை பெற்ற சயனைடு முறையில் தங்கத்தைக் கரைத்தெடுத்த பின் மிஞ்சிய கழிவு மணலை ஊருக்குப் பக்கத்திலேயே கொட்டினார்கள். தங்கம் ஊரைவிட்டுப் போனது. கழிவு மணல் மட்டும் ஊரிலேயே தங்கிவிட்டது. சயனைடு மேடுகள் என்று ஊரார் சொல்லும் 13 குவியல்கள் இன்று ஏறத்தாழ 1,003 ஏக்கரில் பரவிக் கிடக்கின்றன. அவற்றில் இருக்கும் கழிவு சுமார் 3.3 கோடி டன். தொழிலாளர் குடும்பங்களின் லைன் வீடுகள் பல இந்த மேடுகள் கண்ணுக்குத் தெரியும் தொலைவில்தான் இருக்கின்றன.

இந்த மணல் பார்ப்பதற்கு மண் போல இருந்தாலும் மண்ணுக்குரிய எதுவும் அதில் இல்லை. மண் என்பது உடைந்த பாறைத் துகளும் மக்கிய இலையும் வேரும் பூஞ்சையும் பாக்டீரியாவும் மண்புழுவும் சேர்ந்து ஆயிரக்கணக்கான ஆண்டுகளில் கட்டிய அமைப்பு. சுரங்கக் கழிவோ அரைவை ஆலையிலிருந்து நேராக வந்த பாறைப் பொடி. அதில் மக்கு இல்லாததால் நீர் தங்காது. செடி உண்ணும் நிலையில் நைட்ரஜன் ஏறக்குறைய இல்லை, பாஸ்பரஸும் குறைவு. துகள்களை ஒட்டவைக்கும் பிசின் இல்லாததால் மழையில் மேற்பரப்பு இறுகி ஓடுபோல ஆகிறது. அதன் மேல் விழும் நீர் உள்ளே இறங்காமல் ஓடி, சரிவுகளை வரிவரியாக அறுக்கிறது. சயனைடு முறையில் சுண்ணாம்பு சேர்ப்பதால் தொடக்கத்தில் காரத்தன்மையும் மிகுதி. கோலார் மாவட்டத்தில் ஆண்டுக்கு 700 மில்லிமீட்டரை ஒட்டித்தான் மழை பெய்கிறது, அதிலும் கூடுதலாகப் பெய்வது செப்டம்பர், அக்டோபரில். இப்படிப்பட்ட இடத்தில் குழி தோண்டி நாற்றை வைத்துத் தண்ணீர் ஊற்றினால், ஊற்றும் வரை அது உயிரோடு இருக்கும். தண்ணீர் வண்டி நின்ற கோடையில் பட்டுப்போகும்.

நஞ்சைப் பற்றிய அச்சத்தையும் இங்கே சரியான இடத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். பெயரைக் கேட்டதும் எல்லோருக்கும் சயனைடுதான் பயம். ஆனால் தனித்த சயனைடு வெயிலிலும் காற்றிலும் சிதையக் கூடியது. இரும்போடு பிணைந்து நிற்கும் ஒரு பகுதி நீண்ட காலம் தங்கினாலும், திறந்த வெளியில் பல பத்தாண்டுகள் கிடந்த மேட்டில் முதல் கவலை அதுவல்ல. சிதையாமல் நிற்பவை ஆர்செனிக் போன்ற தனிமங்கள். அவற்றை வெயில் எரிக்காது, நுண்ணுயிர் உண்டு தீர்க்காது. தங்கவயலின் சாம்பியன் நரம்பு, அதாவது தங்கம் ஓடிய பாறைக் கீற்று, பெரும்பாலும் குவார்ட்ஸ் எனும் வெண்கல் பாறை, அதில் கந்தகத் தாதுக்கள் குறைவு. மேற்குப் பக்க நரம்புகளில் கந்தகத் தாதுக்களும் ஆர்செனிக் தாதுக்களும் கூடுதல். கந்தகத் தாது காற்றும் நீரும் பட்டால் மெல்ல மெல்ல அமிலமாகும். ஆகவே எந்தச் சுரங்கத்தின் கழிவு எந்த மேட்டில், எந்த அடுக்கில் கிடக்கிறது என்பதைப் பொறுத்து ஒரு மேடு காரமாகவும் இன்னொன்று அமிலமாகவும் இருக்கலாம். 13 மேடுகளுக்கும் ஒரே நடவுத் திட்டம் எழுதுகிறவர் ஒரு மேட்டையும் சோதித்துப் பார்க்கவில்லை என்று பொருள். வழக்கமான உரப் பரிந்துரையும் இங்கே கேடாகலாம். பாஸ்பேட்டும் ஆர்செனேட்டும் வேதியியலில் நெருங்கிய உறவினர். இரும்பு ஆக்சைடின் மேல் ஒட்டிக் கிடக்கும் ஆர்செனிக்கைப் பாஸ்பேட் உரம் தள்ளிவிட்டு அந்த இடத்தில் தான் உட்கார்ந்துகொள்ளும். விடுபட்ட ஆர்செனிக் நீரோடு இறங்கும்.

அப்படியானால் இங்கே தீர்க்க வேண்டிய முதல் சிக்கல் எது? தூசி. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்று சொல்லும் நாட்டில், மாவாக அரைத்த மணலைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். காற்று அடிக்கும்போது மணல் துகள்கள் எழும்பி விழுந்து, விழும் வேகத்தில் இன்னும் நுண்ணிய தூசியைக் கிளப்புகின்றன. வெண்கல் பொடியில் சிலிக்கா உண்டு. நுண்ணிய சிலிக்காத் தூசி நுரையீரலுக்கு என்ன செய்யும் என்பதைத் தலைமுறை தலைமுறையாகச் சுரங்கத்தில் உழைத்த குடும்பங்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. இந்தத் துள்ளல் பெரும்பாலும் முழங்கால் உயரத்துக்குள்தான் நடக்கிறது. எனவே தரையோடு அடர்ந்து படரும் புல்லும் புதரும் தூசியைப் பிறக்கும் இடத்திலேயே நிறுத்துகின்றன. வரிசையாக நட்ட, அடிமரம் மொட்டையாக உயர்ந்த மரங்களுக்கு நடுவே காற்று தடையின்றிப் புகுந்து போகும். கீழே தரை வெறுமையாக இருந்தால், மேலே எத்தனை பசுமை இருந்தாலும் தூசி எழும். தொலைவிலிருந்து எடுத்த படத்தில் காடாகத் தெரியும் இடம், தரையில் நின்று பார்த்தால் பாலையாகவே இருக்கக் கூடும்.

மரத்தை மட்டும் பார்த்து இடத்தைப் பார்க்காத தவற்றைக் கோலார் மாவட்டம் முன்பே ஒருமுறை அனுபவித்திருக்கிறது. 1980களின் சமூகக் காடுகள் திட்டக் காலத்தில், தைல மரம் என்று நாம் சொல்லும் யூகலிப்டஸ் இம்மாவட்டத்தின் மானாவாரி நிலங்களில் வேகமாகப் பரவியது. வேகமாக வளரும், ஆடு கடிக்காது, காகித ஆலை வாங்கிக்கொள்ளும், காவல் தேவையில்லை. நிலவுடைமையாளருக்கு இவையெல்லாம் உண்மையான நன்மைகள். ராகி விளைந்த நிலம் மரத்துக்குப் போனால் உணவும் கூலி வேலையும் குறையும் என்று வந்தனா சிவா, எச்.சி. சரத்சந்திரா, ஜெயந்த பந்தோபாத்யாய மூவரும் 1981இலேயே கோலாரை ஆராய்ந்து எச்சரித்தார்கள். 1983இல் பக்கத்துத் தும்கூர் மாவட்ட விவசாயிகள் நாற்றங்காலில் இருந்த தைல மரக் கன்றுகளைப் பிடுங்கி எறிந்தார்கள். நீரைப் பற்றிய வாதத்துக்கு அளவீடு தந்தவர் ஆங்கிலேய நீரியல் அறிஞர் இயன் கால்டர். அவருடைய குழு, கோலாரை ஒட்டிய ஓசகோட்டையில் அளந்த மூன்று ஆண்டுகளில் பெய்த மழை ஏறத்தாழ 2,100 மில்லிமீட்டர், மரங்கள் செலவழித்த நீர் ஏறத்தாழ 3,400 மில்லிமீட்டர். மழைக்கு மேல் செலவான நீரை ஆழமாக இறங்கிய வேர்கள் மண்ணின் பழைய சேமிப்பிலிருந்து எடுத்திருந்தன. அதே ஆய்வு மற்ற இடங்களில், தைல மரம் உள்ளூர் வறண்ட காட்டைவிடக் கூடுதலாக நீர் எடுக்கவில்லை என்றும், ராகியோடு ஒப்பிட்டால் இரண்டுமே ஏறக்குறைய இருமடங்கு நீரைச் செலவழித்தன என்றும் காட்டியது. குற்றம் மரத்தின் இனத்தில் மட்டும் இல்லை, மரத்தையும் இடத்தையும் பொருத்திய விதத்தில் இருந்தது. 2017இல் கர்நாடக அரசு புதிதாகத் தைல மரம் நடுவதைத் தடை செய்தது. முப்பது ஆண்டுகளுக்கு முன்பே இடத்தைப் பார்த்துச் சொல்லும் ஆலோசனை கிடைத்திருந்தால் அந்தத் தடைக்குத் தேவை குறைந்திருக்கும்.

மண் இல்லாத இடத்தில் மண்ணை எப்படிக் கட்டுவது என்பதற்கு அறிவியலில் தெளிவான விடை உண்டு. இங்கிலாந்தின் லிவர்பூல் பல்கலைக்கழகத் தாவரவியலாளர் டோனி பிராட்ஷா, சுரங்கக் கழிவு நிலங்களை வாழ்நாள் முழுதும் ஆராய்ந்தவர். கார்ன்வால் பகுதியின் வெண்களிமண் சுரங்கக் கழிவில் அவரும் அவருடைய குழுவினரும் கண்டது இது: புதர்க்காடு தானே தன்னைத் தாங்கிக்கொள்ள வேண்டுமானால் எக்டேருக்கு ஏறத்தாழ 1,000 கிலோ நைட்ரஜன் மண்ணில் சேர்ந்திருக்க வேண்டும். மூட்டை மூட்டையாக யூரியா கொட்டினால் அது மழையில் கரைந்து போகும், மண்ணில் சேராது. காற்றிலிருந்து நைட்ரஜனைப் பிடிக்கும் அவரைக் குடும்பச் செடிகள் நல்ல நிலையில் ஆண்டுக்கு எக்டேருக்கு 100 கிலோ வரை சேர்க்கலாம். கணக்கு எளிது. ஈரமான இங்கிலாந்திலேயே பத்தாண்டு வேலை என்றால், வறண்ட கோலாரில் அதைவிட நீண்ட காலம் ஆகும். ஓராண்டு நிதியில், ஒரு மழைக்காலத்தில், ஒரு விழாவில் முடிகிற வேலை இது இல்லை. முதல் சில ஆண்டுகள் வெட்டிவேர், நாணல், அருகு போன்ற புற்களுக்கு உரியவை. அவற்றோடு விராலியும் ஆவாரையும் சேரலாம். இவ்விரண்டும் வறட்சி தாங்கும், ஆடு மாடு விரும்பாதவை. நஞ்சுத் தனிமம் உள்ள மேட்டில் கால்நடை விரும்பாத செடி நடுவது பாதுகாப்புக்காகவே, ஏனென்றால் மேய்ந்த ஆட்டின் வழியே ஆர்செனிக் வீட்டுச் சமையலறை வரை வந்துவிடும். அதே காரணத்தால் இந்த மேடுகளில் பழ மரம் கூடாது.

மேலே பரப்ப மண் எங்கே கிடைக்கும் என்பதற்கும் இம்மாவட்டத்திலேயே விடை இருக்கிறது. ஆயிரக்கணக்கான ஏரிகள் கொண்ட மாவட்டம் கோலார். அந்த ஏரிகளில் வண்டல் சேர்ந்து கொள்ளளவு குறைந்திருக்கிறது. வண்டலை அள்ளி வயலில் போடுவது தென்னிந்திய உழவர்களின் பழைய வழக்கம். களியும் மக்கும் நிறைந்த அந்த வண்டலுக்காகத்தான் மேடு காத்திருக்கிறது. பெங்களூரின் சுத்திகரிக்கப்பட்ட கழிவுநீர் 2018 முதல் கோலார் ஏரிகள் பலவற்றுக்கு வருவதால், வண்டலைச் சோதித்த பிறகே பயன்படுத்த வேண்டும். கழிவுக்கும் வண்டலுக்கும் நடுவே பெருங்கல் சல்லி அடுக்கு ஒன்று போட்டால், கோடையில் உப்பும் கரைந்த தனிமங்களும் நுண்துளை வழியே மேலேறி வருவது தடைபடும். சரிவைப் படிப்படியாக வெட்டி, ஓடும் நீரைத் தடுத்து நிறுத்தும் வரப்புகள் போடுவதும் நடவுக்கு முந்திய வேலை. இந்த வேலைகள் எதிலும் ஒரு மரக்கன்றுகூட இல்லை. ஆனாலும் காடு வளர்ப்பு ஆலோசகரின் வேலையில் பாதிக்கு மேல் இதுதான்.

ஜோகன்னஸ்பர்க்கைச் சுற்றியுள்ள தங்கச் சுரங்கக் கழிவு மேடுகளின் வரலாறும் இதையே சொல்கிறது. அங்கே இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்தே தூசியை அடக்கப் புல் வளர்த்தார்கள். மெல்லிய தூவல் நீரால் அமிலத்தைக் கீழே இறக்கி, சுண்ணாம்பும் உரமும் இட்டு வளர்த்த புல் பல இடங்களில் முதலில் செழித்தது. அடியிலிருந்த கந்தகத் தாது மீண்டும் அமிலத்தை உண்டாக்கியபோது பல இடங்களில் அழிந்தது. பராமரிப்பை நிறுத்தினால் பசுமையும் நின்றுவிடும் என்ற பாடத்தை அந்த ஊர் பெரும் செலவில் கற்றது. பின்னாளில் விட்வாட்டர்ஸ்ராண்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மரங்களைக் கொண்டுவந்தபோது, நோக்கம் வேறாக இருந்தது. மேட்டின் அடிவாரத்தில் கசியும் மாசுபட்ட நிலத்தடி நீரை ஆழ வேர்களால் உறிஞ்சிப் பரவாமல் தடுப்பதற்காக மர வரிசைகள் அமைத்தார்கள். ராகி நிலத்தில் குற்றமாக இருந்த மரத்தின் தாகம், மாசுநீர் கசியும் இடத்தில் பணியாக மாறிவிடுகிறது. தங்கவயலின் கிழக்குப் பக்க ஓடைகள் பாலாற்றுப் படுகையைச் சேர்ந்தவை என்பதால், மேட்டிலிருந்து அரித்து வரும் மணல் கோலாரின் சிக்கலாக மட்டும் நின்றுவிடாது. கீழே வாணியம்பாடி, வேலூர் வரை பாலாற்றை நம்பியவர்களுக்கும் இதில் பங்கு உண்டு.

இந்த வாதத்துக்கு எழும் மறுப்புகள் வலுவானவை. முதல் மறுப்பு: தைல மரமும் சீமைக் கருவேலமும் எந்த மண்ணிலும் பிழைக்கின்றனவே, வெறுமையாகக் கிடப்பதைவிட அது மேல் இல்லையா? பிழைப்பதும் மண்ணைக் கட்டுவதும் வேறு வேறு. தைல மரத்தின் அடியில் புல் எளிதில் சேர்வதில்லை என்பதால் தூசிச் சிக்கல் தீராது. சீமைக் கருவேலம் நைட்ரஜன் சேர்க்கும் என்பது உண்மை. ஆனால் அது மேட்டோடு நிற்காமல் அக்கம்பக்கத்து ஏரியையும் மேய்ச்சல் நிலத்தையும் பிடித்துக்கொள்ளும் என்பதைத் தமிழ்நாட்டின் தென்மாவட்டங்கள் ஏற்கெனவே பார்த்துவிட்டன. இரண்டாவது மறுப்பு: மியாவாக்கி முறையில் நெருக்கமாக நட்டால் சில ஆண்டுகளில் காடு கிடைக்கிறதே? அந்த முறையின் வெற்றி, குழியில் கொட்டும் எருவிலும் முதல் ஆண்டுகளின் பாசனத்திலும் இருக்கிறது. நகரத்தின் சில சென்ட் நிலத்துக்கு அது சரி. ஆயிரம் ஏக்கர் கழிவுக்கு அத்தனை எருவும் நீரும் வறட்சி மாவட்டத்தில் கிடையாது. மூன்றாவது மறுப்பு: நஞ்சை உறிஞ்சும் செடிகளை நட்டு மேட்டையே சுத்தம் செய்யலாமே? தங்கச் சுரங்கம் மூடிய அதே 2001 பிப்ரவரியில்தான், டெரிஸ் விட்டாட்டா என்ற பெரணி ஆர்செனிக்கைத் தன் இலைகளில் பேரளவில் சேர்க்கும் என்று புளோரிடா ஆய்வாளர்கள் நேச்சர் இதழில் அறிவித்தார்கள். அருமையான கண்டுபிடிப்பு. ஆனால் அது ஈரம் விரும்பும் செடி, அதன் வேர் எட்டுவது மேல்மண்ணை மட்டுமே. பல மாடி உயரக் குவியலை அது சுத்தம் செய்ய நூற்றாண்டுகள் போதாது. ஆர்செனிக் ஏறிய இலைகளை என்ன செய்வது என்ற கேள்வியும் மிஞ்சும். இங்கே நடக்கக் கூடியது, நஞ்சை நகரவிடாமல் இருக்கும் இடத்திலேயே கட்டிப்போடுவதுதான்.

இவற்றையெல்லாம்விடக் கடினமான மறுப்பு ஒன்று இருக்கிறது. ஒரு டன் கழிவில் ஒரு கிராமுக்கும் குறைவாகவே தங்கம் மிஞ்சியிருந்தாலும், விலை ஏறிய காலத்தில் அதுவும் செல்வம். 2024இல் கர்நாடக அமைச்சரவை, 1,003 ஏக்கரிலுள்ள 13 மேடுகளை மீண்டும் அள்ளித் தங்கம் எடுக்கும் மத்திய அரசின் திட்டத்துக்கு ஒப்புதல் தந்தது. நாளை அள்ளப்போகும் மேட்டில் இன்று ஏன் பணம் போட வேண்டும்? பத்தாண்டு உழைப்பில் வளர்த்த மரக்காட்டை அள்ளும் இயந்திரம் ஒரு வாரத்தில் அழிக்கும் என்பதால், மேட்டின் உச்சியில் மரம் வேண்டாம் என்பதற்கு இது கூடுதல் காரணம். ஒன்றும் செய்யாதிருக்க இது காரணமாகாது. ஒப்புதலுக்கும் கடைசி லாரிக்கும் இடையே எத்தனை ஆண்டுகள் போகும் என்று யாரும் உறுதி கூற முடியாது, அந்த ஆண்டுகளிலும் மக்கள் மூச்சு விட்டாக வேண்டும். புல் மூடாக்கு மலிவானது, அள்ளும்போது இழந்தாலும் பெரிய நட்டமில்லை. மீண்டும் அரைத்துச் சயனைடில் கரைத்த பின் புதிய கழிவு எங்கேயாவது சேரத்தான் செய்யும். அதை எங்கே, எந்தச் சரிவில், எந்த மூடாக்கோடு சேர்ப்பது என்பதை உரிமம் தருவதற்கு முன்பே எழுதி வாங்க வேண்டும். அந்த ஒப்பந்தத்தை வரையும்போது காடு வளர்ப்பு ஆலோசகரும் இருக்க வேண்டும். எல்லாம் முடிந்தபின் கன்று வாங்கித் தரும்படி அழைப்பதில் பயனில்லை.

மரத்துக்கு இங்கே இடமே இல்லை என்று இதையெல்லாம் புரிந்துகொள்ள வேண்டியதில்லை. மேட்டுக்கும் குடியிருப்புக்கும் நடுவே இயற்கையான செம்மண் இருக்கும் இடங்களில் மரம் தாராளமாக வளரும். காற்றுத் தடுப்பு வரிசையின் பயன் அதன் உயரத்தைப் போல 10 மடங்குக்கும் அப்பால் எட்டும். சுவர் போல அடைத்துக்கொள்ளாமல் காற்றைச் சல்லடையாக வடிகட்டும் வரிசையே சிறந்தது. முன்வரிசையில் ஆவாரை, விராலி, நடுவில் உசில், வெள்வேல், பின்னால் புங்கு, வேம்பு, வாகை, ஆச்சா என்று உயரம் ஏறும் அடுக்குகள் இந்த வறண்ட மேட்டுநிலத்துக்கு இயல்பானவை. தெருக்களுக்கு நிழலும் இதிலிருந்து கிடைக்கும். சுரங்கம் மூடியபின் வேலைக்காக நாள்தோறும் பெங்களூருக்கு ரயிலேறும் ஊரில், நாற்றங்கால், வண்டல் பரப்புதல், வரப்பு, காவல் ஆகியவை உள்ளூர் வேலையாகவும் அமையும். அதே நேரத்தில் மரம் கூடாத இயற்கை நிலங்களும் உண்டு. தங்கவயலைச் சுற்றியுள்ள திறந்த புல்வெளிகளில் வெளிமான் வாழ்கிறது. வெட்டவெளியைப் பார்த்து ஓடித் தப்பும் விலங்குக்கு மரத்தோட்டம் வாழிடமாகாது. ஸ்காட்லாந்தின் ஃப்ளோ கன்ட்ரி ஈரநிலத்தில் 1980களில் வரிச்சலுகைக்காக நட்ட ஊசியிலை மரங்களை இப்போது செலவு செய்து வெட்டி எடுக்கிறார்கள். நட வேண்டாம் என்று தக்க நேரத்தில் சொல்வதும் ஆலோசனைதான்.

கடைசியாக, எதை அளப்பது என்ற கேள்வி. இமாசலப் பிரதேசத்தின் காங்க்ரா பகுதியில் பல பத்தாண்டுகளாக நடந்த மரநடவை ஆராய்ந்து 2021இல் வெளியான ஓர் ஆய்வு, அந்த நடவுகளால் காட்டின் பரப்போ மக்களின் வாழ்வாதாரமோ கூடியதற்குச் சான்று கிடைக்கவில்லை என்று முடித்தது. நட்ட கன்றுகளின் எண்ணிக்கை செலவின் கணக்கு, பயனின் கணக்கு வேறு. தங்கவயலில் பயனை அளக்க விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டாம். ஆடி மாதத்தில் லைன் வீடுகளின் கூரையில் வைத்த பாத்திரத்தில் எத்தனை கிராம் தூசி படிந்தது, சதுர மீட்டருக்கு எத்தனை பங்கு தரை மூடியிருக்கிறது, மேல்மண்ணில் மக்கு கூடியிருக்கிறதா, நடாத செடிகள் எத்தனை தாமாக வந்திருக்கின்றன, ஓடை நீரில் ஆர்செனிக் எவ்வளவு என்ற ஐந்தும் போதும். இவற்றில் பெரும்பகுதியை உள்ளூர்ப் பள்ளி மாணவர்களே அளந்துவிட முடியும். ஐந்தாம் ஆண்டிலும் பத்தாம் ஆண்டிலும் இந்த எண்களை ஊரார் முன் வைக்க ஒப்புக்கொள்ளும் திட்டத்துக்கு மட்டுமே அரசும் நிறுவனங்களும் நிதி தர வேண்டும். உங்கள் ஊரில் யாரேனும் பத்தாயிரம் மரக்கன்று நடப்போவதாக அறிவித்தால், வாழ்த்துவதற்கு முன் அந்த நிலத்தின் மண் சோதனை அறிக்கையைக் கேளுங்கள்.